நமது நாட்டின் பழ விளைவு: அதன் பெருக்கமும் அது புகட்டும் பாடமும்

நெல்லும் கேழ்வரகும் எவ்வளவு விளைந்தன என்று விசாரிப்பதைப்போல், நாட்டில் பழம் எவ்வளவு விளைந்தது என்று விசாரிக்கும் வழக்கம் நம்மவரிடையே வெகுகாலம் இருந்ததில்லை. பழம் என்பது பூஜைக்கும் விருந்துக்கும் நோயாளியின் பத்தியத்திற்கும் உரியது என்றே எண்ணி வந்தோம். தோப்பு வைத்தவர்களும் அதைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தாகக் கருதினார்களேயன்றி, வருஷாவருஷம் கணக்குப் பார்க்க வேண்டிய பயிராகக் கருதியவர்கள் சிலரே. அந்த நிலைமை மாறிவிட்டது. சென்ற முப்பது ஆண்டுகளில் இந்திய நாட்டின் பழ விளைவு ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருகியிருக்கிறது. இப்பெருக்கம் எங்கிருந்து வந்தது, அதனால் நிலச்சுவான்தார்களுக்குக் கிடைத்த பயன் யாது, இனி மரம் வைக்க எண்ணுவோர் எதைக் கவனித்து வைக்க வேண்டும் என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கு கூறுவது என்ன?

1991-92-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பழப்பயிர்கள் இருந்த பரப்பு சுமார் 29 லட்சம் ஹெக்டேர், அதாவது சற்றேறக்குறைய 71 லட்சம் ஏக்கர். அவ்வாண்டின் விளைவு 2 கோடியே 86 லட்சம் டன். 2001-02-ல் விளைவு 4 கோடியே 30 லட்சம் டன்னாகவும், 2010-11-ல் ஏறத்தாழ ஏழரைக் கோடி டன்னாகவும் உயர்ந்தது. 2022-23-ல் அது 11 கோடி டன்னை எட்டிவிட்டது. பரப்பும் சுமார் 70 லட்சம் ஹெக்டேராக, அதாவது ஒரு கோடியே 73 லட்சம் ஏக்கராகப் பெருகிற்று. 2012-13 முதற்கொண்டு பழம், காய்கறி முதலிய தோட்டப்பயிர்களின் மொத்த விளைவு, உணவு தானியங்களின் மொத்த விளைவை எடையில் மிஞ்சி நிற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதே காலத்தில் ஜனத்தொகையும் பெருகியது என்பதை மறந்துவிடலாகாது. 1991-ல் எடுக்கப்பட்ட ஜனக்கணக்கில் 84 கோடியே 60 லட்சமாயிருந்த ஜனங்கள் இப்போது 140 கோடிக்கு மேற்பட்டுவிட்டார்கள். அப்படியிருந்தும், தலைக்கு வருஷத்திற்கு 34 கிலோவாக இருந்த பழ விளைவு 78 கிலோ அளவுக்கு ஏறியிருக்கிறது. நாளொன்றுக்கு வகுத்துப் பார்த்தால் 90 கிராம் 200 கிராமுக்கு மேலாயிற்று. ஒருவர் நாள்தோறும் 100 கிராம் பழம் உண்பது நலம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் கூறியிருக்கிறார்கள். தோல், கொட்டை, அழுகல் ஆகியவற்றைக் கழித்துவிட்டாலும், மொத்தத்தில் நாட்டிற்குப் போதிய பழம் விளைகிறது என்றே சொல்லவேண்டும். ஆயினும் அது எல்லா மாதங்களிலும், எல்லா ஊர்களிலும், எல்லா வீடுகளிலும் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி.

வாழையின் வழி வேறு, மாவின் வழி வேறு

மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எல்லாப் பழங்களும் ஒரே சீராக வளர்ந்தன என்று தோன்றும். தனித்தனியே பிரித்துப் பார்த்தாலோ, ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில் சென்றிருப்பது விளங்கும்.

1991-92-ல் நாட்டின் முதன்மையான பழம் மாவே. அவ்வாண்டில் மா 87 லட்சம் டன்னும், வாழை 78 லட்சம் டன்னும் விளைந்தன. 2022-23-ல் வாழை மூன்றரைக் கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மா இரண்டு கோடி டன்னைச் சற்றே கடந்து நிற்கிறது. நாட்டில் விளையும் பழத்தில் இன்று மூன்றில் ஒரு பங்கு வாழையே. இரண்டையும் சேர்த்தால் பாதிக்கு மேலாகும்.

வாழையின் பரப்பு இரண்டரை மடங்குதான் பெருகிற்று. விளைவோ நாலரை மடங்குக்கு மேல் பெருகிற்று. ஏக்கருக்கு 8 டன் கிடைத்த இடத்தில் இப்போது சராசரி ஏறத்தாழ 15 டன் கிடைக்கிறது. இதற்குக் காரணம் மூன்று. ஒன்று, குட்டை ரகமாகிய கேவண்டிஷ் இனத்து வாழையும், அவ்வினத்தைச் சேர்ந்த கிராண்ட் நைன் என்னும் ரகமும் பரவியது. இரண்டு, நோயற்ற தாய்வாழையிலிருந்து எடுத்த திசு வளர்ப்புக் கன்றுகள் கிடைத்தமையால், தோட்டம் முழுவதும் ஒரே காலத்தில் குலைதள்ளி அறுவடைக்கு வருவது. மூன்று, சொட்டுநீர்ப் பாசனமும், அந்நீரோடு உரத்தைக் கரைத்துச் செலுத்தும் முறையும். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் ஜில்லா இதற்கு வழிகாட்டிற்று. நமது தேனிச் சீமையும் பின்தொடர்ந்து பேர்பெற்றது.

மாவின் கதை இதற்கு மாறானது. மாந்தோப்புகளின் பரப்பு 10 லட்சத்து 80 ஆயிரம் ஹெக்டேரிலிருந்து 23 லட்சம் ஹெக்டேருக்கு மேல் உயர்ந்தது. ஆனால் ஏக்கர் ஒன்றுக்குக் கிடைக்கும் மகசூல் முப்பது ஆண்டுகளுக்கு முன் 3¼ டன். இன்றும் 3½ டன் அளவிலேயே நிற்கிறது. அதாவது, புதிய தோப்புகள் வைத்ததனால் விளைவு கூடிற்றேயன்றி, மரத்தைப் பேணியதனால் கூடவில்லை. மகாராஷ்டிர சர்க்கார் 1990-ல் வேலை உறுதித் திட்டத்தின் கீழ்ப் பழமரங்கள் வைக்க முழு உதவி அளித்ததும், 2005-06-ல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கி நாடெங்கும் மானியம் வழங்கப்பட்டதும், மேட்டு நிலங்களில் தோப்புகள் பெருகக் காரணமாயின. கன்று வைக்கத் தூண்டிய அளவுக்கு, வைத்த மரத்தைக் கவாத்து செய்யவும், உரமிடவும், பூச்சி நோய்களிலிருந்து காக்கவும் தூண்டுதல் ஏற்படவில்லை. பூக்கும் காலத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். குத்தகைதாரர் இவ்வருஷத்துக் காயைப் பார்ப்பாரேயன்றி, பத்து வருஷத்துக்குப் பின் மரம் எப்படி இருக்கும் என்று பாரார்.

கொய்யா நான்கு மடங்குக்கும், பப்பாளி ஐந்து மடங்குக்கும் மேற்பட்டு வளர்ந்திருக்கின்றன. இவையிரண்டும் விரைவில் பலன் தருபவை. சிறு நிலத்திற்கும் ஏற்றவை. ஆப்பிளோ இரண்டு மடங்குக்குச் சற்றே மேல் வளர்ந்தது. அது காஷ்மீரம், இமாசலம் போன்ற குளிர்ந்த மலைநாடுகளில் மட்டுமே விளைவதால், ஜனத்தொகைக்கும் விருப்பத்திற்கும் ஈடுகொடுக்க இயலவில்லை. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எஞ்சியிருந்த இறக்குமதித் தடைகள் நீக்கப்பட்ட பின்னர், அயல்நாட்டு ஆப்பிள் நமது கடைத்தெருக்களில் தாராளமாக வந்து இறங்கலாயிற்று. மலிவாக வந்து குவியும் பழத்தால் மலைநாட்டு விவசாயிகள் நலிந்ததைக் கண்டு, கிலோ 50 ரூபாய்க்குக் குறைந்த விலையில் ஆப்பிளை இறக்குமதி செய்யலாகாது என்று 2023-ல் மத்திய சர்க்கார் விதிக்கவேண்டியதாயிற்று.

உண்போர் நிலையும் மாறியது. கிராமத்துக் குடும்பங்களின் மொத்தச் செலவில் 1999-2000-ல் நூற்றுக்கு 22 பங்கு அரிசி முதலிய தானியங்களுக்குச் சென்றது. 2022-23-ல் அது நூற்றுக்கு 5 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. தானியத்தில் மீந்த பணத்தில் ஒரு பங்கு பாலுக்கும் பழத்திற்கும் செல்கிறது. ஆகவே பழத்திற்குக் கிராக்கி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

பெருகிய விளைவு எங்கே போகிறது?

கிராக்கி இருந்தும் விவசாயி கைநஷ்டப்படுவது ஏன்? 2025-ஆம் ஆண்டு மாம்பருவத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் நாம் வழங்கும் ரகம், பழக்கூழ் ஆலைகளை நம்பியே ஆந்திர நாட்டின் சித்தூர்ப் பகுதியிலும், அதையடுத்த நமது கிருஷ்ணகிரிப் பகுதியிலும் பெருவாரியாகப் பயிராகிறது. அவ்வாண்டில் மகசூல் மிகுந்தது; ஆலைகள் எடுப்பது தளர்ந்தது; விலை சரிந்தது. ஆந்திர சர்க்கார் கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, ஆலைக்காரர் 8 ரூபாய் கொடுக்க, எஞ்சிய 4 ரூபாயைத் தாமே ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்கள். நல்ல மகசூல் கண்ட ஆண்டே விவசாயிக்குச் சோதனை ஆண்டாக முடிந்தது.

இதன் காரணம் விளக்கமானது. ஒரே ரகம், ஒரே பருவம், ஒரே வகை வாங்குவோர் என்னும் மூன்றும் ஓரிடத்தில் கூடினால், விளைவின் பெருக்கமே விலையின் வீழ்ச்சியாகும். நெல்லைக் குதிரில் போட்டு வைத்து விலை பார்த்து விற்கலாம். பழுத்த மாவுக்கு நாலைந்து நாள் தவணைதான். மேலும், வெங்காயத்தின் விலை வீழ்ந்தால் அடுத்த போகத்தில் வேறு பயிர் வைக்கலாம். மாமரமோ வைத்து நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே காய்ப்புக்கு வருகிறது. இன்றைய விலையைப் பார்த்துக் கன்று வைப்பவர், பலன் எடுக்கும்போது, அதே விலையைப் பார்த்து அதே ஆண்டில் கன்று வைத்த அத்தனை பேருடனும் ஒரே மண்டியில் நிற்க நேரிடும்.

அடுத்தபடியாகச் சேதம். மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடை தொடங்கி நுகர்வோர் கையை அடையும் வரையில் நூற்றுக்கு வாழையில் 7¾ பங்கும், மாவில் 9 பங்கும், ஆப்பிளில் 10 பங்கும், கொய்யாவில் ஏறத்தாழ 16 பங்கும் சேதமாகின்றன. 2022-ல் நடந்த பின்னொரு ஆய்விலும் பழங்களின் சேதம் 6 முதல் 15 பங்கு வரையிலேயே காணப்பட்டது. நூற்றுக்கு 8 பங்கு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 11 கோடி டன்னில் வீணாவது 88 லட்சம் டன். 1991-92-ல் நாடு முழுவதும் விளைந்த மாங்கனி 87 லட்சம் டன் என்று மேலே கண்டோம். அன்றைக்கு ஒரு நாடே விளைவித்த மாங்கனிக்கு ஈடான பழத்தை இன்று நாம் ஆண்டுதோறும் குப்பையில் கொட்டுகிறோம். நாட்டிலுள்ள குளிர்பதனக் கிடங்குகளின் இடத்தில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கே பயன்படுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சில ரகங்களையே நம்புவதன் அபாயம்

பெருக்கம் சில ரகங்களின் மேலேயே நிற்பது பிறிதோர் அபாயம். இதற்கு நமது மலைகளிலேயே படிப்பினை உண்டு. பழனி மலைச் சரிவுகளில் 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் விருப்பாச்சி வாழை பயிராகி வந்தது. 1940-ஆம் ஆண்டுவாக்கில் இலங்கையிலிருந்து தென்னாட்டில் புகுந்த முடிக்கொத்து நோய் அதைப் பற்றிக்கொண்டது. நோய்கண்ட மரத்தின் கிழங்கையே மீண்டும் நட்டமையாலும், அசுவினிப் பூச்சி நோயைச் சுமந்து சென்றமையாலும், பரப்பு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கிற்று. பின்னர் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளால் அவ்வாழை மீட்கப்பட்டு வருகிறது. விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அயல்நாடுகளில் குரோ மிஷேல் என்னும் ரகத்தை மட்டுமே நம்பியிருந்த வாழைத் தோட்டங்கள், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பனாமா வாடல் நோயால் அழிந்தன. அதற்கு மாற்றாக வைக்கப்பட்டதே கேவண்டிஷ். இப்போது அக்கேவண்டிஷையும் தாக்கவல்ல வாடல் நோயின் புதிய இனம் ஒன்று பீகாரின் கட்டிஹார், பூர்ணியா ஜில்லாக்களிலும், உத்தரப் பிரதேசத்தின் பைசாபாத் பகுதியிலும் காணப்பட்டிருக்கிறது. இக்காளான் மண்ணிலேயே பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். அதைக் கொல்ல நம்பத்தகுந்த மருந்து இல்லை. ஆகையால் நோய்ப் பிரதேசங்களிலிருந்து கிழங்கோ கன்றோ தருவித்தல் கூடவே கூடாது. மண் ஒட்டிய மண்வெட்டியும் வண்டிச் சக்கரமும்கூட நோயைக் கொண்டுவந்து சேர்க்கும். இன்று நமது வாழைப் பெருக்கம் பெரும்பாலும் கேவண்டிஷின் தோளில் நிற்பதால், அத்தோள் சரிந்தால் நேரும் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிலச்சுவான்தார்கள் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, இனி நாம் நாடவேண்டியது மேலும் மேலும் பரப்பைப் பெருக்குவதன்று என்பது புலனாகும். ஆண்டு முழுதும் சீராகவும், சேதமின்றியும் பழம் சந்தைக்கு வந்துசேரச் செய்வதே முக்கியம். அதற்குப் பின்வருவன உதவும்.

முதலாவது, தோப்பு முழுவதும் ஒரே ரகம் வைக்கலாகாது. முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் எனக் காய்க்கும் ரகங்களைக் கலந்து வைத்தால், அறுவடையும் கூலியும் விலையும் பரவி நிற்கும். நமது நீலம் பின்பருவத்தது. வருஷாவருஷம் தவறாமல் காய்ப்பது. இக்குணத்திற்காகவே டில்லி ஆராய்ச்சி நிலையத்தார் அதை வடநாட்டுத் தசேரியுடன் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்னும் ரகங்களை உண்டாக்கினார்கள். கன்னியாகுமரி ஜில்லாவில் பிற இடங்களில் மா இல்லாத மாதங்களிலும் காய்ப்பு உண்டாவது, அவ்வூரார்க்கு இயற்கை அளித்த கொடை.

இரண்டாவது, புதுத் தோப்பு வைக்குமுன் பழைய தோப்பைப் பாருங்கள். பழைய முறையில் பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மாமரங்கள் நிற்கும். குட்டையாக வளரும் ஆம்ரபாலியை இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 வரை வைக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் கவாத்து செய்ய மனமும் ஆளும் உள்ளவர்களே இதில் இறங்கவேண்டும். மற்றவர்கள், கிளைகள் நெருங்கி வெயில் புகாத மரங்களைத் திறந்துவிட்டு உரமிட்டாலே நல்ல பலன் காண்பார்கள். தோப்பைக் குத்தகைக்கு விடுவதாயின், கவாத்தும் உரமும் யார் பொறுப்பு என்று சீட்டில் எழுதி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து விடுவது நலம்.

மூன்றாவது, பறிப்பதில் கவனம். மாங்காயை உலுக்கி உதிர்க்காமல், சிறிது காம்புடன் அறுத்துப் பால் வடியவிட்டு நிழலில் அடுக்கவேண்டும். தோலில் பால் பட்ட இடம் கறுத்து அழுகும். வாழைக்குலையைத் தரையில் எறியாமல், சீப்புச் சீப்பாக அறுத்துக் கழுவிப் பெட்டியில் அடுக்கினால் தூரதேச வியாபாரத்திற்கும் தாங்கும். வாழைக்காயை 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குளிரவைத்தால் தோல் கறுத்து, பின் சரியாகப் பழுக்காது. கார்பைட் கல் வைத்துப் பழுக்கச் செய்வது சட்டப்படி குற்றம், உண்பவர்க்கும் தீங்கு. அளவாக எதிலீன் வாயு செலுத்திப் பழுக்கவைக்க அனுமதியுண்டு. நாலைந்து விவசாயிகள் கூடி இத்தகைய அறை ஒன்று அமைத்துக்கொண்டால், காயாக விற்பதற்கும் பழமாக விற்பதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு ஊரிலேயே தங்கும்.

நான்காவது, வாழை வைப்பவர்கள் நிலத்தில் ஒரு பகுதியையேனும் பூவன், கற்பூரவள்ளி, நேந்திரன் போன்ற நமது ரகங்களுக்கு ஒதுக்கவேண்டும். விலையில் ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று கைகொடுக்கும். வாடல் கண்ட வயலில் மீண்டும் வாழை வைக்காமல், நீர்வசதி உள்ள இடத்தில் ஒன்றிரண்டு போகம் நெல் பயிரிடுவது உத்தமம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

மேலே எடுத்துக்காட்டிய கோடிகளும் லட்சங்களும் தலைநகரத்தில் பிறந்தவை அல்ல. அவை கிராமத்து அடங்கலில் பிறந்தவை. வருஷத்தில் பலமுறை முன்மதிப்பீடும், கடைசியில் முடிவான மதிப்பீடும் வெளியிடப்படுகின்றன. அவற்றுக்கெல்லாம் ஆதாரம் புலந்தோறும் எழுதப்படும் பயிர்க் கணக்கே. தென்னையினூடே ஊடுபயிராக நிற்கும் வாழையும், காய்ப்புக்கு வராத இளந்தோப்பும், பட்டுப்போன பழந்தோப்பும் வேறு வேறாகக் காட்டப்படாவிடின், இவ்வாண்டு எவ்வளவு காய் வரும் என்று முன்கூட்டி அறிவது எங்ஙனம்? அறியாவிடின், விலை வீழுமுன் ஆலைகளையும் வியாபாரிகளையும் ஏற்பாடு செய்வதும் எங்ஙனம்? புயலில் வாழை சாய்ந்தாலும், பயிர்க் காப்பீட்டுத் தொகை கோர நேர்ந்தாலும், விவசாயியின் கையில் இருக்கும் சாட்சியம் அடங்கல் நகல் ஒன்றே. புலத்தை நேரில் பாராமல் சென்ற வருஷத்துக் கணக்கைப் பெயர்த்தெழுதுவது, ஒரு குடும்பத்தின் நஷ்டஈட்டை அழித்தெழுதுவதற்குச் சமானம்.

நிலச்சுவான்தார்களும் தங்கள் தோப்பின் ரகம், மரங்களின் எண்ணிக்கை, வயது ஆகியவற்றைப் பயிராய்வின்போது தாமாகவே சொல்லிப் பதிவு செய்துகொள்வார்களாக. ஊரில் யார் யார் என்ன ரகத்தை எத்தனை ஏக்கரில் வைத்திருக்கிறார்கள் என்று கூடிப் பேசியபின் கன்று வாங்கச் செல்வது, மானியம் கிடைக்கிறது என்பதற்காகக் கன்று வாங்குவதைவிட மேலானது. பழமரம் வைப்பவர் நாலைந்து ஆண்டுகளுக்குப் பின் உள்ள சந்தைக்காக இன்று குழி வெட்டுகிறார். அந்தச் சந்தையில் தம்முடன் வேறு யார் யார் நிற்பார்கள் என்பதை அறிந்து வெட்டுவதே விவேகமாகும்.